பசுவின் வயிறும் நம் வீட்டுப் பாற்செம்பும்

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

தமிழ்ச் சங்கத்தின் மேடையில் ஏறுகின்றவர் சிலம்பைப் பற்றியோ, குறளைப் பற்றியோ பேசுவதே முறை. பசுவின் வயிற்றையும் பாலித்தீன் பையையும் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களுள் சிலர் வியக்கலாம். மொழி வாழ வேண்டுமாயின் அதைப் பேசும் குடும்பங்கள் உடல் நலத்தோடு வாழ வேண்டும். குடும்பங்கள் நலத்தோடு வாழ அவை உண்ணும் உணவு தூய்மையாக இருக்க வேண்டும். ஆகவே இதுவும் தமிழ்ப் பணியே என்று கருதிப் பொறுத்தருளுமாறு வேண்டிக்கொள்கிறேன்.

பசுவைப் பற்றி நம் பிள்ளைகள் இரண்டு கதைகளைக் கேட்டு வளர்கிறார்கள். வீட்டிலே பாட்டி சொல்வது மனுநீதிச் சோழன் கதை. தேர்க்காலில் அகப்பட்டு மாண்ட கன்றுக்காக, தாய்ப்பசு அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை அசைத்து நீதி கேட்டது. பள்ளியிலே கன்னட ஆசிரியர் சொல்வது புண்ணியகோடி என்னும் பசுவின் கதை. கன்றுக்குப் பாலூட்டிவிட்டு வருகிறேன் என்று புலியிடம் சொன்ன சொல்லைத் தவறாமல் காத்தது அந்தப் பசு. தமிழ்நாட்டுப் பசு நீதி கேட்டது. கன்னட நாட்டுப் பசு வாய்மை காத்தது. இவ்விரண்டு கதைகளையும் ஒருங்கே பெற்ற பேறு, மைசூரில் குடியேறி வாழும் நம் பிள்ளைகளுக்கே உரியது.

இம் மைசூர் மண்ணோ பசுவை அரசாங்கமே போற்றிய மண். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட சிக்கதேவராய உடையார், 'பெண்ணெ சாவடி' என்றோர் அலுவலகமே அமைத்தார். 'பெண்ணெ' என்றால் வெண்ணெய். அரண்மனைக்குரிய பசுக் கூட்டங்களைப் பேணுவது அதன் வேலை. அக் கூட்டங்கள் மேய்வதற்கென நாட்டின் பல பகுதிகளில் 'காவல்' என்னும் புல்வெளிகள் ஒதுக்கப்பட்டன. பின்னர்த் திப்பு சுல்தான் அதற்கு 'அமிர்த மஹால்' என்று பெயரிட்டார். இன்றும் அப் பெயரில் ஒரு மாட்டினம் விளங்குகின்றது. இன்னுமொன்று சொல்வேன். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த ஒரு பண்டிதர் கொண்டுவந்து கொடுத்த அர்த்தசாஸ்திரச் சுவடியை, மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில் இருந்த ஷாம சாஸ்திரியார் 1905-ஆம் ஆண்டில் கண்டறிந்து, 1909-இல் அச்சேற்றினார். அந்நூலிலே பசுக்களைக் கண்காணிக்கும் அதிகாரிக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கின்றது. பசுவின் தீவனமும் மேய்ச்சலும் நலமும் அரசின் கவலைகள் என்று பண்டையோர் கருதினர்.

இன்று நிலைமை என்ன? நகரங்கள் பெருகின, மேய்ச்சல் நிலம் மனையாயிற்று. ஆயினும் நகரத்திலே பால் வேண்டும். ஆகையால் பசுவும் வேண்டும். விலை கொடுத்துப் புல் வாங்கி வயிறு நிரப்ப இயலாத ஏழைக் கறவைக்காரர், காலையிலே பால் கறந்துவிட்டு மாட்டை அவிழ்த்து விடுகிறார். அது தெருவைச் சுற்றி மாலையிலே வீடு திரும்புகின்றது. அரசன் ஒதுக்கிய காவல் போய், நாம் குப்பை கொட்டும் மூலையே அதன் காவலாயிற்று. அங்கே அது எதை மேய்கின்றது என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

மிஞ்சிய சோற்றையும் குழம்பையும், வாழைப்பழத் தோலையும் காய்கறி நறுக்கையும் ஒரு மெல்லிய பையிலே இட்டு, கை அழுக்காகாமல் இருக்க வாயை இறுக முடிந்து வீசிவிடுகிறோம். பசுவுக்கு அந்தப் பையை அவிழ்க்கக் கையில்லை. உள்ளிருக்கும் சோற்றின் மணம் அதை அழைக்கிறது; உப்பின் சுவை அதன் நாவை இழுக்கிறது. பையோடு விழுங்குகின்றது.

ஏன் துப்பிவிடக் கூடாது என்று கேட்கலாம். பசுவின் உடலமைப்பே அதற்கு இடந்தருவதில்லை. பசு நாவினால் புல்லைச் சுருட்டி இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கும் இயல்புடையது. அந்நாவில் உள்ள சொரசொரப்பான முனைகள் உட்புறமாகச் சாய்ந்திருக்கின்றன. உள்ளே போனது வெளியே வருவது அரிது. விழுங்கியதைப் பிறகு ஓய்வாகப் படுத்து, வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். பசுவின் வயிறு நான்கு அறைகளை உடையது. முதலறை மிகப் பெரியது. நூறு லிட்டருக்கு மேலும் கொள்ளத்தக்கது. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்கச் செய்கின்றன. நன்றாக மெல்லப்பட்டு நுண்ணிதான உணவே அடுத்த அறைக்குச் செல்ல முடியும். பாலித்தீன் பை நொதிப்பதுமில்லை. அசைபோட மேலே வருவதுமில்லை. அடுத்த அறைக்குப் போவதுமில்லை. முதலறையிலேயே தங்கி, கயிறும் துணியும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு, பந்து பந்தாகத் திரண்டுவிடுகின்றது. வயிறு நிறைந்திருப்பதால் பசுவுக்குப் பசி தோன்றாது. தின்ன இடமின்மையால் உடம்பு தேயும். பார்ப்பவர்க்கோ வயிறு புடைத்துக் கொழுத்த மாடாகத் தோன்றும். நிறைந்த வயிற்றோடு பட்டினி கிடந்து சாகும் கொடுமையை வேறெங்கும் காண்பது அரிது.

இது கற்பனையன்று. 2019-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், சென்னையிலே வலி தாளாமல் வயிற்றைக் காலால் உதைத்துக்கொண்டிருந்த ஒரு கறவைப் பசுவை, தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் சோதித்து அறுவை செய்தனர். ஐந்தரை மணி நேரம் நடைபெற்ற அந்த அறுவையில், பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தனர். பசு பிழைத்தது. 2021 பிப்ரவரியில், தில்லியை அடுத்த பரீதாபாத்தில், சினையாயிருந்த ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 71 கிலோ கழிவு எடுக்கப்பட்டது. பிளாஸ்டிக்கோடு ஆணியும் நாணயமும் கண்ணாடித் துண்டும் அதில் இருந்தன. அந்தப் பசுவும் பிழைக்கவில்லை; அதன் கன்றும் பிழைக்கவில்லை.

அந்தப் பசுக்கள் அடிப்பதற்கு ஆராய்ச்சி மணி ஏதேனும் உண்டா? ஒருமுறை அவற்றின் சார்பிலே மனிதர்கள் மணியை அடித்தார்கள். புட்டபர்த்தியில் உள்ள கருணா சங்கம் என்னும் விலங்கு நல அமைப்பும் வேறு சிலரும் 2012-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடுத்தனர். தெருவிலே திரியும் மாடுகளின் வயிறு பிளாஸ்டிக்கால் நிறைவதைச் சுட்டிக்காட்டி, நகராட்சிகள் குப்பையை முறைப்படி கையாள ஆணையிட வேண்டும் என்று கேட்டனர். விசாரணையின்போது நீதியரசர்கள், பிளாஸ்டிக் பைகளைக் கட்டுப்படுத்தாவிடில் வருங்காலத் தலைமுறைக்கு அணுகுண்டினும் பெரிய அச்சுறுத்தலாக முடியும் என்னும் கருத்துப்பட எச்சரித்தனர். மாட்டைப் பற்றிய வழக்கிலே மனிதத் தலைமுறையைப் பற்றி நீதியரசர்கள் பேசியது ஏன்? இனி நான் சொல்லப்போவது அதைத்தான்.

கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக் பாதிக் கதை. கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மறுபாதிக் கதை. பாலித்தீன் மக்குவதில்லை. வெயிலில் காய்ந்து, காற்றில் உராய்ந்து, காலடியில் மிதிபட்டு, துண்டாகிறது, துண்டு துகளாகிறது, துகள் தூளாகிறது. எவ்வளவு சிறிதானாலும் அது பிளாஸ்டிக்கே. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த துகளை மைக்ரோபிளாஸ்டிக் என்பர். தமிழில் நுண்பிளாஸ்டிக் என்போம். 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு தாம்ப்சன் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் கடற்கரை மணலை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையால் இதன்மேல் உலகின் கவனம் திரும்பியது. மணலில் கண்டதைப் பிறகு மீனிலும் உப்பிலும் குடிநீரிலும் கண்டனர். கடைசியாகவே தொழுவத்துக்குள் நுழைந்து பார்த்தனர்.

தொழுவத்தில் கண்டது என்ன? 2022-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள விரியே பல்கலைக்கழகத்தார், 12 பசுக்களின் இரத்தத்தையும் 12 பன்றிகளின் இரத்தத்தையும் சோதித்தனர். அனைத்திலும் பிளாஸ்டிக் இருந்தது. அவர்கள் பார்த்த 25 பால் மாதிரிகளில் 18-இல் இருந்தது. குளிகையாகச் செய்த தீவன மாதிரிகள் அத்தனையிலும் இருந்தது. இது சிறிய அளவில் செய்த முன்னோட்ட ஆய்வு என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பே, 2020-இல், மெக்சிகோ நாட்டில் விற்கப்படும் பாலில் 23 மாதிரிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. அக் கட்டுரையின் முதல் ஆசிரியர் தமிழ்ப் பெயர் தாங்கிய ஓர் ஆராய்ச்சியாளர் என்பதை நாம் பெருமையோடு குறித்துக்கொள்ளலாம். எல்லா மாதிரிகளிலும் நுண்பிளாஸ்டிக் இருந்தது. சராசரியாக ஒரு லிட்டருக்கு ஆறேழு துகள்கள். அத்துகள்களுள் பல, பாலை வடிகட்டும் சவ்வுகள் செய்யப் பயன்படும் பிளாஸ்டிக் வகையாக இருந்தன. ஆகவே பசுவின் மடியை விட்டு வந்த பிறகும், குழாயிலும் வடிகட்டியிலும் உறையிலும் பிளாஸ்டிக் சேர வழியுண்டு என்று அறிகிறோம்.

எந்தெந்த வழியாக இது கால்நடைக்குச் செல்கிறது? குப்பைப் பை ஒரு வழி. தீவனம் மற்றொரு வழி. மேலை நாடுகளில் விற்பனையாகாத ரொட்டியையும் பிஸ்கட்டையும் இயந்திரத்தால் உறை நீக்கித் தீவனத்தில் சேர்ப்பதுண்டு. உறை முற்றும் நீங்குவதில்லை. நிலம் மூன்றாவது வழி. களை வராமல் இருக்க வயலிலே விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு கிழிந்து மண்ணோடு கலக்கிறது. பிரிக்காத நகரக் குப்பையை எருவாக்கி இட்டால், அதனோடும் துகள் வயலுக்குப் போகிறது. நீரும் காற்றும் நான்காவது வழி.

மண்ணிலிருந்து தட்டுக்கு வரும் வழியை மிகத் தெளிவாகக் காட்டியது, 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. மெக்சிகோவின் தென்கிழக்குப் பகுதியில், வீட்டுக் கொல்லையிலே குப்பையை எரித்துப் புதைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் அது செய்யப்பட்டது. ஒரு கிராம் மண்ணில் சராசரியாக ஒன்றுக்கும் குறைவான துகளே இருந்தது. அம்மண்ணைத் தின்ற மண்புழுவின் எச்சத்தில் கிராமுக்கு ஏறத்தாழ 15 துகள்கள். அக்கொல்லையில் மேய்ந்த கோழியின் எச்சத்தில் கிராமுக்கு ஏறத்தாழ 130 துகள்கள். ஒரு கொல்லைக்குள்ளேயே படிப்படியாக எவ்வளவு திரள்கிறது பாருங்கள்! குப்பையைக் கொல்லையில் கொளுத்திவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுகின்றவர்கள் இந்தக் கணக்கை நினைவில் கொள்ள வேண்டும்.

சிலர் ஒரு கேள்வி கேட்கக்கூடும்: பசுவின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களே பிளாஸ்டிக்கைச் செரித்துவிடாவா? 2021-இல் ஆஸ்திரிய நாட்டு அறிஞர்கள் பசுவின் முதலறைத் திரவத்தைச் சோதனைக் குழாயில் வைத்துப் பார்த்தபோது, பாலியெஸ்டர் இனத்தைச் சேர்ந்த சில பிளாஸ்டிக்குகளை அது சிதைக்க வல்லது என்று கண்டனர். நல்ல செய்திதான். ஆயின் நம் கடைப் பை பாலியெஸ்டர் அன்று, பாலித்தீன். பசுவின் நுண்ணுயிர்கள் அதைச் செரித்துவிடும் என்றால், சென்னைப் பசுவின் வயிற்றில் 52 கிலோ எப்படித் திரண்டிருக்கும்?

இனி, இது நம் உடம்பை என்ன செய்கிறது? இங்கே நான் மிகவும் நிதானமாகப் பேச விரும்புகிறேன். அச்சத்தை விதைப்பது எளிது. அறிவை விதைப்பதே கடினம். 2022-இல் அதே ஆம்ஸ்டர்டாம் அறிஞர்கள் 22 மனிதர்களின் இரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் துகள் இருந்தது. 2024-இல் இத்தாலிய மருத்துவர்கள், கழுத்து இரத்தக் குழாயில் அடைப்பு நீக்க அறுவை செய்துகொண்ட 257 பேரை ஆராய்ந்தனர். 150 பேரின் அடைப்புப் படிவில் பாலித்தீன் இருந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுக் காலம் அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, படிவில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட நான்கரை மடங்கு மிகுதியாக இருந்தது. பிளாஸ்டிக்கே இதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதே அதன் முடிவு. உலக நல நிறுவனமும் 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், கேடு இவ்வளவு என்று அறுதியிட்டுச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றே கூறியது; அதே வேளையில் பிளாஸ்டிக் மாசைக் குறைத்தாக வேண்டும் என்றும் வற்புறுத்தியது.

ஆகவே தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைய பேச்சைக் கேட்டுவிட்டு நாளைக் காலையில் குழந்தையின் பாலை நிறுத்திவிடாதீர்கள். பாலில் உள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வளரும் பிள்ளைக்குத் திண்ணமான நன்மை. துகளால் வரும் தீமை இன்னும் அளந்தறியப்படாதது. காய்ச்சினால் கிருமி சாகும். பிளாஸ்டிக் சாகாது என்பதும் உண்மையே. எனவே, பாலை விடுவது வழியன்று. பசுவின் வாய்க்குப் பை போகாமல் காப்பதே வழி.

நம் நாட்டு அரசாங்கமும் வாளா இருக்கவில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2024 மார்ச்சில் ஒரு திட்டம் தொடங்கிற்று. உணவிலுள்ள நுண்பிளாஸ்டிக்கை அளக்கும் முறைகளை வகுப்பதும், எந்த உணவில் எவ்வளவு உள்ளது என்று காண்பதும் அதன் நோக்கம். லக்னோவின் நச்சியல் ஆராய்ச்சி நிலையமும், கொச்சியின் மத்திய மீன்தொழில்நுட்ப நிலையமும், பிலானியின் பிட்ஸ் நிறுவனமும் அதில் பங்கு பெற்றன. எப்படி அளப்பது என்பதையே முதலில் வகுக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்து, இத்துறை எவ்வளவு இளையது என்று அறியலாம். அதே ஆண்டு ஆகஸ்டில் தில்லியைச் சேர்ந்த டாக்சிக்ஸ் லிங்க் என்னும் அமைப்பு, நம் கடைகளில் விற்கும் பத்து வகை உப்பையும் ஐந்து வகைச் சர்க்கரையையும் சோதித்து, அனைத்திலும் நுண்பிளாஸ்டிக் இருப்பதாக வெளியிட்டது. மிகுதியாக இருந்த உப்பில் கிலோவுக்கு 89 துகள்கள். ஆகவே பாலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது.

மைசூர்வாசிகளாகிய நமக்கு இதில் தனிப்பட்ட உரிமையும் பொறுப்பும் உண்டு. உணவை அறிவியலாக ஆராயும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950-இல் இந்நகரத்துச் செலுவாம்பா மாளிகையில்தான் தொடங்கப் பெற்றது. வி. சுப்ரமணியன் அவர்கள் அதன் முதல் இயக்குநர். எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையை வகுத்து நாட்டுக்களித்தது அந்நிலையம். தாய்ப்பாலுக்கு வழியற்ற குழந்தைகளைக் காத்த அறிவு பிறந்த ஊரிலே வாழ்கிறோம். அவ்வூரின் தெருவில் பசு பாலித்தீன் தின்னலாமா?

நகர்த் தூய்மையிலும் மைசூருக்குப் பெயர் உண்டு. 2015-இலும் 2016-இலும் மத்திய அரசு எடுத்த தூய்மைக் கணிப்புகளில் நாட்டின் முதலிடம் இந்நகரத்துக்கே கிடைத்தது. கும்பாரகொப்பலில் உள்ள குப்பை மேலாண்மை நிலையத்தைப் பல ஊர்க்காரர்கள் வந்து பார்த்துப் போனார்கள். வீட்டிலேயே ஈரக் குப்பை, உலர்குப்பை என்று பிரித்துக் கொடுத்தால், ஈரக் குப்பை எருவாகிறது, உலர்குப்பை விலைபோகிறது, மாட்டின் வாய்க்கு ஒன்றும் போவதில்லை. இதன் திறவுகோல் நகராட்சி அலுவலகத்தில் இல்லை. நம் அடுக்களையில் இருக்கிறது. பிரிக்காத பை ஒன்று தெருமுனையில் விழுந்தால் அத்தனை ஏற்பாடும் வீணே.

சட்டங்களுக்கும் குறைவில்லை. கர்நாடக அரசு 2016 மார்ச்சில் பிளாஸ்டிக் கைப்பை, தட்டு, குவளை முதலியவற்றைத் தடை செய்தது. தமிழ்நாடு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. 2022 ஜூலை முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பல பொருள்களுக்கு நாடு முழுவதும் தடை வந்தது. அவ்வாண்டு இறுதியிலிருந்து 120 மைக்ரானுக்கு மெல்லிய கைப்பை எங்கும் கூடாது என்பது விதி. ஆயினும் பூக்காரி முழம் பூவை எதிலே இட்டுத் தருகிறாள்? உணவுக்கடைக்காரர் கொதிக்கும் சாம்பாரை எதிலே கட்டி, நூலால் முடிந்து தருகிறார்? வேண்டாம் என்று சொல்லாத வாய் நம்முடையதுதானே!

இக்காலனியில் நாளை முதலே நாம் செய்யக்கூடியவை சில உள. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, எக்காரணத்தாலும் உணவை முடிந்த பையிலே எறியாதிருத்தல். நம் பாட்டிமார் காலத்தில் வீட்டுக்கொரு கழுநீர்ப் பானை இருந்தது. அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்த்தோல் எல்லாம் அதிலே சேரும். மாலையில் மாட்டுக்காரர் வந்து எடுத்துப் போவார். அப்பானை மறைந்ததும் பை முளைத்தது. நம் காலனிப் பக்கம் மாடு வைத்திருப்பவர் யாரென்று அறிந்து, நான்கு வீடுகள் சேர்ந்து ஒரு வாளி வைத்தால் போதும். ஏழைக் கறவைக்காரருக்கும் அது உதவி. மாடு வைத்திருப்பவர் எவரும் இல்லையென்றால், மூடியுள்ள வாளியிலே ஈரக் குப்பையைப் பையின்றிக் கொடுங்கள்.

இரண்டாவது, பால் உறையின் முனை. கத்தரியால் முனையை முழுதும் நறுக்கிவிடுகிறோம். அந்த நகக்கண் அளவுத் துண்டு எந்தக் குப்பைக்காரர் கையிலும் அகப்படாது. ஈரக் குப்பையோடு போய் எருவில் கலந்து வயலை அடைந்துவிடும். முனையைப் பாதி வெட்டி, உறையோடு தொங்கவிடுங்கள். பாலை ஊற்றியபின் உறையைக் கழுவி உலர்த்தி உலர்குப்பையில் சேருங்கள். இதற்குக் காசும் செலவில்லை, காலமும் செலவில்லை.

மூன்றாவது, சூடான பொருளும் பிளாஸ்டிக்கும் சேரக் கூடாது. 2020-இல் காரக்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தார் காகிதக் குவளைகளைச் சோதித்தனர். காகிதம் என்று நாம் நம்பும் குவளையின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. சூடான பானம் 100 மில்லிலிட்டர் அதில் 15 நிமிடம் இருந்தால், ஏறத்தாழ 25,000 நுண்துகள்கள் அதில் கலக்கின்றன என்று கண்டனர். மெக்சிகோவில் ஒரு லிட்டர்ப் பாலில் எண்ணியவை ஆறேழு. எண்ணும் முறை வேறு வேறாகையால் இரண்டையும் தராசின் இரு தட்டில் வைப்பது சரியன்று. ஆயினும் பசு நமக்குத் தருவதைவிட நாமே நமக்கு ஊற்றிக்கொள்வது குறைவில்லை என்பது மட்டும் விளங்குகிறது. பித்தளை டம்ளரும் டபராவும் கொண்டு உலகுக்கே காப்பி குடிக்கக் கற்றுக்கொடுத்த நமக்குக் காகிதக் குவளை எதற்கு?

நான்காவது, விருந்து. இப்போது வாழையிலை போலப் பச்சை நிறம் கொண்டு, மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய தாள் இலையைப் பந்தியிலே விரிக்கிறார்கள். உண்மையான வாழையிலையைப் பந்தி முடிந்ததும் பசு தின்னும்; அது அறம். இந்தப் போலி இலையையும் சோற்றின் மணத்தால் பசு தின்னும், அது கொலை. சங்கத்தார் அடுத்த ஆண்டு விழாவிலே மெய்யான வாழையிலையும், கழுவி வைத்துக்கொள்ளும் உலோகக் குவளையும் மட்டுமே பயன்படுத்துவது என்று இன்றே தீர்மானிக்க வேண்டுமென்று செயற்குழுவை இம்மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். கழுவுவதற்கு ஆள் இல்லையென்றால் முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, பை. தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கத்தைத் தொடங்கிற்று. திருமண வீட்டுத் தாம்பூலத்தோடு வந்த அந்த மஞ்சள் துணிப்பை, ஒரு காலத்தில் நாட்டுப்புறத்தானின் அடையாளம் என்று நகைக்கப்பட்டது. ஊரை விட்டு ஊர் வந்த நம் முன்னோர் பலர் அந்தப் பையோடுதான் இந்நகர நிலையத்தில் இறங்கியிருப்பார்கள். தேவராஜ மார்க்கெட்டுக்கு அதை எடுத்துச் செல்வதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் கன்னட அண்டை வீட்டாருக்கும் ஒன்று கொடுங்கள். இருமொழிக்காரரும் ஒரே பையைச் சுமப்பது நல்லிணக்கத்துக்கு நல்லது.

அன்பர்களே! பசு நம்மிடம் ஒரு வாக்கு வாங்கவில்லை. ஆயினும் அதன் கன்றுக்குரிய பாலை நாம் பங்கு கேட்ட அன்றே ஒரு வாக்குக் கொடுத்தவர்களானோம். பால் தந்தால் தீனி தருவோம் என்பதே அவ்வாக்கு. புலிக்குக் கொடுத்த சொல்லைப் பசு காத்தது என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறோம். பசுவுக்குக் கொடுத்த சொல்லை நாம் காத்தோமா என்று அப்பிள்ளைகள் ஒருநாள் திருப்பிக் கேட்பார்கள். அப்போது விடை சொல்லும் தகுதியை நாம் தேடிக்கொள்ள வேண்டும்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.